புதியது, பழையது, படித்தது: மெயிலின் குறிகள் எங்கே எழுதப்படுகின்றன

மட் என்ற மெயில் நிரலில் இன்பாக்ஸைத் திறந்தால் ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால் ஓர் எழுத்து நிற்கும். இப்போதுதான் வந்தது என்றால் 'என்'. எதையும் திறக்காமல் பட்டியலை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'க்யூ' விசையை அழுத்தி வெளியே வாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தால் அதே மெயில்களுக்கு முன்னால் 'என்' இருக்காது, 'ஓ' இருக்கும். நீங்கள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆனாலும் மெயில் பழையதாகிவிட்டது.

மட்டைப் புதிதாகப் பிடித்தவர்கள் இதைப் பிழை என்றே நினைப்பார்கள். பிழை இல்லை. இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதப்படுகிறது. இந்த மெயில் வந்து கிடப்பதை யாராவது கவனித்தார்களா என்பது ஒன்று. இந்த மெயிலை யாராவது திறந்தார்களா என்பது இன்னொன்று. தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போன கடிதம், எடுத்து உள்ளே மேசையில் வைத்த கடிதம், உறையைப் பிரித்த கடிதம் என்று மூன்று நிலை உண்டல்லவா, அதேதான். முதல் கேள்வி பெட்டியைப் பற்றியது, இரண்டாவது மெயிலைப் பற்றியது. இன்றைய செயலிகள் பெரும்பாலானவை இரண்டாவதை மட்டும் தடித்த எழுத்தாகக் காட்டுகின்றன. முதலாவது மணியோசையாகவும் அறிவிப்புப் பட்டையாகவும் வந்து மறைந்துவிடுகிறது. அதனால்தான் "வந்த மெயிலைக் காணோம்", "படிக்காததைப் படித்ததாகக் காட்டுகிறது", "படித்ததெல்லாம் மறுபடி புதிதாக நிற்கிறது" என்ற மூன்று புகார்களும் ஒரே மாதிரிக் குழப்பமாகத் தெரிகின்றன. உண்மையில் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. குறி எந்த இடத்தில், எந்த நொடியில் எழுதப்படுகிறது என்று தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

எம்பாக்ஸ்: எல்லாம் ஒரே கோப்பில்

யூனிக்ஸில் பழைய வழக்கம், ஒருவருடைய மெயில் முழுவதையும் ஒரே நீளமான உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பது. இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். குறிகளும் அந்தக் கோப்புக்குள்ளேயே, ஒவ்வொரு மெயிலின் தலைப்பு வரிகளோடு கலந்து நிற்கின்றன. 'ஸ்டேட்டஸ்' என்றொரு வரி. அது இல்லையென்றால் மெயில் புதியது. அதில் 'ஓ' மட்டும் இருந்தால் பழையது, இன்னும் படிக்காதது. 'ஆர்ஓ' என்றிருந்தால் படித்தது. பதில் அனுப்பியது, முக்கியம் என்று குறித்தது, அழிக்கக் குறித்தது போன்றவை 'எக்ஸ்-ஸ்டேட்டஸ்' என்ற தனி வரியில் முறையே 'ஏ', 'எஃப்', 'டி' என்ற எழுத்துகளாக நிற்கும்.

பார்க்க எளிமை, ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வரி இல்லாத மெயிலில் ஒரு வரியைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா மெயிலும் சில பைட்டுகள் தள்ளிப்போக வேண்டும். ஆகவே மட், மாறிய முதல் மெயிலிலிருந்து கோப்பின் கடைசி வரை திருப்பி எழுதுகிறது. 500 எம்பி கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு மெயிலைப் படித்தால்கூட ஏறத்தாழ 500 எம்பி திருப்பி எழுதப்படும். ஒவ்வொரு மெயிலைத் திறக்கும்போதும் இதைச் செய்ய முடியாது என்பதால் மட் குறிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியை மூடும்போது மொத்தமாக எழுதுகிறது. நடுவில் டாலர் விசையை அழுத்தினாலும் எழுதும்.

படித்ததெல்லாம் மறுபடி புதிதாகும் புகார்களில் பல இங்கே பிறக்கின்றன. தொலைவில் உள்ள கணினியில் மட்டை ஓடவிட்டு, நடுவில் இணைப்பு அறுந்து நிரல் செத்துப்போனால், அந்த அமர்வில் படித்தவை எல்லாம் படிக்காதவையாகத் திரும்பும். 'க்யூ'வுக்குப் பதில் 'எக்ஸ்' அழுத்தி வெளியேறினாலும் இதுதான் கதி, ஏனென்றால் 'எக்ஸ்' என்பது மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறும் கட்டளை. நாள் முழுக்க பெட்டியைத் திறந்தே வைத்திருப்பவர்கள் அவ்வப்போது டாலரை அழுத்தும் பழக்கத்தைக் கைவரச் செய்துகொள்வது நல்லது.

தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலி இதே எம்பாக்ஸ் வடிவத்தைத் தன் கணினிக் கோப்புறைகளுக்குப் பயன்படுத்துகிறது, ஆனால் இந்தச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டுகிறது. மெயிலைச் சேமிக்கும்போதே 'எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்: 0000' என்று நான்கு இலக்கத்துக்கு இடம் ஒதுக்கிவிடுகிறது. படித்தால் அந்த இடத்திலேயே 0001 என்று மேலெழுதுகிறது. எதுவும் தள்ளிப்போவதில்லை. பதில் அனுப்பியதற்கு 0002, ஆகவே படித்துப் பதிலும் அனுப்பியிருந்தால் 0003. நட்சத்திரமிட்டதற்கு 0004. அழித்து, ஆனால் கோப்பிலிருந்து இன்னும் நீக்கப்படாததற்கு 0008. புதியது என்பதற்கான குறி இதில் இல்லை. 'ஸ்டேட்டஸ்2' என்ற எட்டு இலக்க வரியில் 00010000 என்று அது தனியே நிற்கிறது. புதியதும் படிக்காததும் வேறு வேறு என்பதை இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலே கண்ணால் காணலாம்.

இதனாலேயே ஒரே எம்பாக்ஸ் கோப்பை மட் நிரலும் தண்டர்பேர்டும் பங்குபோட முடியாது. தண்டர்பேர்ட் எழுதிய நான்கு இலக்கம் மட்டுக்கு எதையும் சொல்லாது. தன் வரி ஒருமுறை விழுந்தபின் மட் எழுதும் 'ஆர்ஓ'வை தண்டர்பேர்டும் சட்டை செய்யாது.

இன்னொரு எச்சரிக்கை. குறி தலைப்பு வரிகளோடு கலந்து நிற்பதால், அனுப்புகிறவரே 'ஸ்டேட்டஸ்: ஆர்ஓ' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டால்? வாங்கி வைக்கும் டெலிவரி நிரல் அதை நீக்காவிட்டால் அந்த மெயில் பிறக்கும்போதே படித்ததாகப் பிறக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இது நடக்கலாம். பழைய எம்பாக்ஸிலிருந்து ஒரு மெயிலைத் தலைப்போடு அப்படியே எடுத்து, ஸ்கிரிப்ட் வழியே மறுபடி அனுப்பினால் பழைய வரியும் கூடவே பயணம் போகும்.

புது மெயில் வந்ததா என்று எப்படித் தெரியும்

நூறு எம்பி கோப்பை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து 'ஸ்டேட்டஸ்' வரிகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஷெல்லும் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மட் நிரலும் ஒரு குறுக்குவழியைப் பிடித்தன. ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாக எழுதப்பட்ட நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் என இரண்டை இயங்குதளம் வைத்திருக்கிறது. எழுதிய நேரம் படித்த நேரத்தைவிடப் பிந்தியது என்றால், கடைசியாகப் பார்த்தபின் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. பாஷ் ஷெல் இதை 60 நொடிக்கு ஒருமுறை, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரியைக் காட்டும் முன் சோதிப்பது இயல்பு அமைப்பு.

மிக மலிவான வழி, மிக எளிதில் ஏமாறும் வழியும்கூட. இரவு பேக்கப் நிரல் வந்து கோப்பை ஒருமுறை படித்தால் படித்த நேரம் முன்னேறிவிடும். காலையில் புது மெயில் இருந்தும் அறிவிப்பு வராது. கோப்புக்குள் 'கிரெப்' என்ற தேடல் கட்டளையைப் போட்டுத் தேடினாலும் அப்படியே. மறுபக்கம், வேகத்துக்காக வட்டை 'நோஏடைம்' என்ற தேர்வோடு இணைத்தால் படித்த நேரம் பதிவாகவே ஆகாது. எத்தனை முறை திறந்து பார்த்தாலும் "புது மெயில் இருக்கிறது" என்றே நிரல் சொல்லிக்கொண்டிருக்கும். லினக்ஸில் 2009இல் வந்த 2.6.30 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல் 'ரெல்ஏடைம்' என்ற தேர்வு இயல்பானது. படித்த நேரம் எழுதிய நேரத்தைவிடப் பழையதாக இருந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் பழையதாகிவிட்டாலோ மட்டும் அதைப் புதுப்பிப்பது அதன் விதி. மெயில் நிரல்களின் இந்த ஒப்பீடு உடையாமல் இருக்க வேண்டும் என்பது அந்த விதியை வகுத்ததற்கு முக்கியமான ஒரு காரணம். 'நோஏடைம்' இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு மட்டில் 'செக்_எம்பாக்ஸ்_சைஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. நேரத்தை விட்டுவிட்டு, கோப்பின் அளவு கூடியதா என்று அது பார்க்கும்.

மெயில்டிர்: குறி கோப்பின் பெயரிலேயே

டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990களில் க்யூமெயில் சர்வருக்காக வகுத்த மெயில்டிர் வடிவத்தில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. மூன்று உள் கோப்புறைகள்: 'டெம்ப்', 'நியூ', 'கர்'. வந்துகொண்டிருக்கும் மெயில் 'டெம்ப்'பில் எழுதப்பட்டு, முழுதாக எழுதி முடிந்ததும் 'நியூ'வுக்கு நகரும். ஏதாவது ஒரு மெயில் நிரல் பெட்டியைத் திறந்து அதைக் கண்டதும் 'கர்'ருக்கு நகர்த்தும். நகர்த்தும்போது பெயரின் வாலில் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி என்று மூன்று குறியீடுகளைச் சேர்க்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் குறிகள். படித்தது 'எஸ்', பதில் தந்தது 'ஆர்', வேறொருவருக்கு அனுப்பியது 'பி', முக்கியம் 'எஃப்', வரைவு 'டி', குப்பை 'டீ'. ஆங்கில அகரவரிசைப்படியே இவற்றை எழுத வேண்டும்.

வாசல், மேசை, பிரித்த உறை என்று மேலே சொன்ன மூன்று நிலையும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன. 'நியூ'வில் கிடந்தால் புதியது. 'கர்'ரில் 'எஸ்' இல்லாமல் இருந்தால் பழையது. 'எஸ்' இருந்தால் படித்தது. மெயிலின் உள்ளடக்கத்தில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. கோப்பின் பெயரை மாற்றுவது மட்டுமே வேலை, அதுவும் பாதியில் நின்றுபோக முடியாத ஒரே செயல். எம்பாக்ஸுக்கும் இதற்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பெயரே குறி என்பதால் பெயர் போனால் குறி போகும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளியை அனுமதிப்பதில்லை. மெயில்டிர் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்தாலோ, பெயரைத் திருத்தும் ஏதாவது கருவியில் சுருக்கி விரித்தாலோ வால் அறுந்துவிடும். பத்து வருட மெயிலும் படிக்காததாக வந்து நிற்கும். 'டார்' என்ற தொகுப்புக் கோப்பாகக் கட்டி, லினக்ஸ் வட்டிலேயே விரிப்பதுதான் பாதுகாப்பான வழி.

வடிவம் மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். எம்பாக்ஸின் 'ஸ்டேட்டஸ்' வரியில் 'ஆர்' என்றால் படித்தது. மெயில்டிர் வாலில் 'ஆர்' என்றால் பதில் அனுப்பியது. எழுத்தை அப்படியே பெயர்த்து எழுதினால், படித்த மெயில் எல்லாம் படிக்காத, ஆனால் பதில் அனுப்பிய மெயில்களாக மாறும். அப்படி ஒரு பெட்டியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், மாற்றிய ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

மட்டில் 'ஓ' எழுத்து பிடிக்காதவர்கள் 'மார்க்_ஓல்ட்' என்ற அமைப்பை 'நோ' என்று வைத்தால் போதும். திறக்காத மெயில் அடுத்த முறையும் 'என்' ஆகவே நிற்கும். ஆனால் அப்படிச் செய்தால் 'நேற்றே வந்து தள்ளிப்போட்டது' எது, 'இப்போது வந்தது' எது என்ற பிரிவு போய்விடும். ஒரு நாளைக்கு நூறு மெயில் வரும் பெட்டிக்கு அந்தப் பிரிவு உண்மையிலேயே உதவும். அந்த 'ஓ'வை நிறுத்துவதற்கு முன் ஒரு வாரம் அதோடு பழகிப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. டேப் விசை முதலில் புதியவற்றுக்கும், அவை தீர்ந்தால் பழைய படிக்காதவற்றுக்கும் உங்களைக் கொண்டுபோகும். பெரிய எழுத்து 'என்' விசை, கையில் இருக்கும் மெயிலின் குறியைப் படித்தது, புதியது என்று மாற்றி மாற்றிப் போடும்.

ஐமேப்: பல சாதனம், ஒரு குறி

மேலே சொன்னவை ஒரே கணினியில் ஒரே ஆள் படித்த காலத்து ஏற்பாடுகள். போன், மடிக்கணினி, அலுவலகக் கணினி மூன்றிலும் ஒரே இன்பாக்ஸ் என்றானபின் குறி சர்வரில்தான் இருக்க முடியும். மெயிலை சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் அதற்கு வழியே இல்லை. தொடக்கக் காலப் பாப்3இல் எது வரை பார்த்தாயிற்று என்று சொல்லும் 'லாஸ்ட்' என்ற கட்டளை ஒன்று இருந்தது. 1994இல் வந்த ஆர்எஃப்சி 1725 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) அதையும் எடுத்துவிட்டது. மெயிலுக்கு ஒரு நிலையான அடையாள எண் மட்டும் சர்வர் தரும். எந்தெந்த எண்களை இறக்கியாயிற்று என்ற பட்டியலைக் கணினிதான் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டர்பேர்டில் அது 'பாப்ஸ்டேட்' என்ற கோப்பு. சர்வரில் நகலை விட்டுவைக்கும்படி அமைத்திருந்து, அந்தக் கோப்பு தொலைந்தால் எல்லா மெயிலும் இரண்டாம் முறை புதிதாக இறங்கும்.

மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வரே குறிகளை வைத்திருக்கிறது. 'சீன்' என்றால் படித்தது. 'ரீசென்ட்' என்றால் இப்போது வந்தது. 2003இன் ஆர்எஃப்சி 3501 'ரீசென்ட்'டை இப்படி வரையறுத்தது: இந்த மெயில் வந்ததைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படும் அமர்வுக்கு மட்டும் அந்தக் குறி தெரியும், அதை நிரல் மாற்ற முடியாது. வாசலில் கிடந்த கடிதத்தை யார் முதலில் எடுத்தார்களோ அவருக்கு மட்டும் அது புதியது.

ஒரே ஆளுக்கு நான்கு சாதனம் என்ற உலகில் இது உடைந்தது. சட்டைப்பையில் இருக்கும் போன் நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து 'ரீசென்ட்'டை எடுத்துக்கொள்ளும். மேசையில் இருக்கும் கணினி பெட்டியைத் திறக்கும்போது எதுவுமே புதியதாக இருக்காது. இரண்டு சாதனமும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் எதற்குக் கிடைக்கும் என்று விதி சொல்லவே இல்லை. 2021இல் ஆர்எஃப்சி 9051 'ரீசென்ட்'டை நீக்கியேவிட்டது. நிரல்கள் அதற்கு முன்பே வேறு வழிக்குப் போய்விட்டன. சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் தருகிறது. போன தடவை நான் பார்த்த கடைசி எண்ணுக்கு மேல் இருப்பது எனக்குப் புதியது, அவ்வளவுதான். இப்போது புதுமை சாதனத்துக்குச் சொந்தம், படித்தது என்பது பெட்டிக்குச் சொந்தம். இது சரியான பங்கீடு. ஒரே மெயிலுக்கு நான்கு சாதனமும் மணி அடிப்பதும், ஒன்றில் படித்தால் நான்கிலும் தடித்த எழுத்து மறைவதும் இதனால்தான்.

ஆனால் அந்த எண்வரிசைக்கு ஒரு செல்லுபடி எண் உண்டு. சர்வரை மாற்றினால் அது மாறும். மாறியதும் நிரல் தன் கணக்கை எல்லாம் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து இறக்கும். 'சீன்' குறி சர்வரில் இருப்பதால் மெயில் மாற்றும் கருவி குறிகளையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தால் ஒன்றும் ஆகாது. எடுத்துப் போகாவிட்டால் எல்லாம் படிக்காதவை.

எட்டிப் பார்த்தலும் எடுத்துப் படித்தலும்

ஐமேப்பில் புரோகிராமர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. மெயிலின் உடலைக் கேட்கும் கட்டளை 'பாடி'. அதைக் கேட்ட மாத்திரத்தில், வேறெதுவும் சொல்லாமலே, சர்வர் 'சீன்' குறியைப் போட்டுவிடும். 'பாடி.பீக்' என்று கேட்டால் அதே உடல் வரும், குறி விழாது. பைத்தான் மொழியின் ஐமேப்லிப் என்ற நிரல் நூலகம் கொண்டு எழுதும் மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 'ஆர்எஃப்சி822' என்று கேட்டிருப்பார்கள். அது 'பாடி'க்குச் சமம். இன்வாய்ஸ் இணைப்புகளை மட்டும் எடுத்துச் சேமிக்க எழுதிய பத்து வரி ஸ்கிரிப்ட், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, கணக்குப்பிரிவின் இன்பாக்ஸ் முழுவதையும் படித்ததாக மாற்றிவைக்கும். யாரும் திறக்காத மெயில்கள் தடித்த எழுத்து இழந்து கீழே போய்விடும்.

திருத்த இரண்டு வழி. கேட்கும் இடத்தில் 'பாடி.பீக்' என்று மாற்றுவது ஒன்று. பெட்டியைத் திறக்கும்போதே 'செலெக்ட்' கட்டளைக்கு 'ரீட்ஒன்லி' உண்மை என்று சொல்லிவிடுவது மற்றொன்று. அப்போது ஐமேப்லிப் 'எக்ஸாமின்' என்ற கட்டளையை அனுப்பும், சர்வர் எந்தக் குறியையும் மாற்றாது. இரண்டையும் சேர்த்தே செய்வது நல்லது. மட் இந்த விஷயத்தில் ஒழுங்கு. 'ஐமேப்_பீக்' இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், மெயிலை எட்டிப் பார்த்தே எடுக்கும், குறிகளைப் பெட்டியை மூடும்போதுதான் எழுதும். மூடுவது சற்று மெதுவாவது அதன் விலை.

குறியை எழுதும் கட்டளையிலும் ஒரு நுட்பம். 'ஸ்டோர்' கட்டளையில் கூட்டல் குறியோடு 'சீன்' என்றால் அந்தக் குறி மட்டும் சேரும். கூட்டல் இல்லாமல் எழுதினால் இருக்கும் குறிகளை எல்லாம் அழித்துவிட்டு 'சீன்' மட்டும் வைக்கும். படித்ததாகக் குறித்ததும் நட்சத்திரம் காணாமல் போகிறது என்றால் அந்த ஒரு கூட்டல் குறி விட்டுப்போயிருக்கிறது.

போனில் படித்த மெயில் கணினியில் நெடுநேரம் தடித்தே நிற்பதற்குக் காரணம் வேறு. 'ஐடில்' என்ற ஏற்பாட்டில் சர்வர் தானாகவே மாற்றங்களைச் சொல்லும், ஆனால் அப்போது திறந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மட்டும். அந்த இணைப்பை 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்று 1997இன் ஆர்எஃப்சி 2177 சொல்கிறது. வீட்டு ரவுட்டர் அதற்கு முன்பே சத்தமில்லாமல் அறுத்துவிட்டால் நிரலுக்குத் தெரியாது. மற்ற ஃபோல்டர்களை நிரல் தானாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. சர்வரிலேயே வடிகட்டி போட்டு மெயில்களைத் துணை ஃபோல்டர்களுக்கு அனுப்புகிறவர்கள் தண்டர்பேர்டில் ஒவ்வொரு ஃபோல்டரின் 'ப்ராபர்டீஸ்' போய், புது மெயில் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார் என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் மெயில் வந்தும் மணி அடிக்காது. எண்ணிக்கை மட்டும் தவறாக நின்றால் அதே 'ப்ராபர்டீஸ்' சாளரத்தில் 'ரிப்பேர் ஃபோல்டர்' பொத்தான் அட்டவணைக் கோப்பைப் புதிதாகக் கட்டும்.

எந்த நொடியில் படித்ததாகிறது

பட்டியலுக்குப் பக்கத்தில் மெயிலைக் காட்டும் பலகை வந்தபின் 'திறந்தேன்' என்பதற்கே பொருள் கரைந்துவிட்டது. அம்புக்குறி விசையை அழுத்திக் கீழே இறங்கினாலே ஒவ்வொரு மெயிலும் பலகையில் தோன்றி மறையும். தண்டர்பேர்ட் இயல்பாக, தோன்றிய உடனே படித்ததாகக் குறிக்கும். 'ரீடிங் & டிஸ்ப்ளே' அமைப்பில் இத்தனை நொடி காட்டியபின் என்று மாற்றலாம், ஐந்து நொடி என்று முன்கூட்டியே போட்டிருக்கும். டெஸ்க்டாப் அவுட்லுக் இயல்பாக, தேர்வு அந்த மெயிலை விட்டு அடுத்ததற்கு நகரும்போது குறிக்கும். அங்கும் 'ரீடிங் பேன்' அமைப்பில் நொடிக்கணக்கு உண்டு. பட்டியலை மேய்கிற பழக்கம் உள்ளவர்கள் ஐந்து நொடிக்கு மாற்றுவதே போதும், தவறிப்போகும் மெயில்கள் வெகுவாகக் குறையும். தவறிக் குறித்ததைத் திருப்ப தண்டர்பேர்டில் 'எம்', அவுட்லுக்கில் 'கண்ட்ரோல்-யூ', ஜிமெயிலின் விசைக்குறுக்குகளை இயக்கியிருந்தால் 'ஷிஃப்ட்-யூ'.

ஜிமெயிலில் படிக்காதது என்பது ஒரு லேபிள். ஓர் உரையாடலில் ஒரே ஒரு மெயில் படிக்காமல் இருந்தாலும் முழு உரையாடலும் தடித்துத் தெரியும். உரையாடல்களின் எண்ணிக்கையும் மெயில்களின் எண்ணிக்கையும் வேறு என்பதால், ஐமேப் வழியே பார்க்கும் செயலியின் எண்ணும் வலைப்பக்கத்தின் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு.

படித்த குறி விழுந்ததை மெயில் அனுப்பியவருக்கு யாரும் சொல்வதில்லை. வாசிப்பு ஒப்புகை என்பது வேறு தலைப்பு வரி, வேறு மெயில், பெறுகிறவர் மறுக்கக்கூடியது. விளம்பர மெயில்கள் எண்ணும் 'திறப்பு'ம் இதுவல்ல. அது உள்ளே பதித்த ஒரு சிறு படம் இறக்கப்பட்டதா என்ற கணக்கு. ஆப்பிள் 2021இல் அந்தப் படங்களை முன்கூட்டியே தானாக இறக்கும் வசதியைக் கொண்டுவந்தபின் அந்தக் கணக்கை நம்பி முடிவெடுப்பது சரியல்ல.

பலர் பகிரும் பெட்டி

அலுவலகங்களில் ஒரு பொது முகவரிக்கு வரும் மெயிலை மூன்று பேர் ஒரே பெட்டியில் பார்ப்பார்கள். 'சீன்' குறி அங்கே மூவருக்கும் ஒன்றுதான். காலையில் ஒருவர் சும்மா திறந்து பார்த்துவிட்டு, இது அவர் வேலை என்று விட்டுவிடுவார். அந்த 'அவர்' பத்தரைக்கு வந்து பார்க்கும்போது தடித்த எழுத்து இல்லை, யாரோ கவனித்துவிட்டார்கள் என்று கடந்துபோவார். வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்துக் கிடப்பார். யாருடைய கவனக்குறைவும் இல்லை. படித்தது என்ற குறியை முடித்தது என்று பொருள் கொண்டதுதான் தவறு.

இதற்கு வழிகள் உண்டு. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் பொது ஃபோல்டர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படித்த கணக்கு வைக்கும் தேர்வு இருக்கிறது. டவ்காட் சர்வரில் பகிர்ந்த பெட்டிக்குத் தனிப்பட்ட அட்டவணைக் கோப்பை அமைத்தால் 'சீன்' ஆளுக்கு ஆள் பிரியும். இன்னும் நேரான வழி, அனுமதிப் பட்டியல். 2005இன் ஆர்எஃப்சி 4314இல் 'எஸ்' என்று ஓர் உரிமை இருக்கிறது. படித்த குறியை வைத்திருக்கும் உரிமை அது. வெறுமனே பார்க்க வேண்டியவர்களுக்கு அந்த ஓர் எழுத்தைக் கொடுக்காமல் விட்டால் அவர்கள் எத்தனை முறை திறந்தாலும் மெயில் தடித்தே நிற்கும். இவை எதற்கும் வழியில்லாத இடத்தில், எடுத்துக்கொண்டவர் பெயரில் ஒரு லேபிளோ ஃபோல்டரோ வைத்து மெயிலை அங்கே நகர்த்துவது ஒன்றே நம்பகமானது.

யார் படித்ததாகக் குறித்தார்கள் என்று தெரியாத பெட்டிக்கு ஒரு சோதனை. சர்வர் உங்கள் கையில் என்றால் டவ்காடின் 'மெயில்_லாக்' செருகலை இயக்கி, பதிய வேண்டிய நிகழ்வுகளில் 'ஃப்ளாக்_சேஞ்ச்' என்பதைச் சேருங்கள். குறி மாறிய ஒவ்வொரு முறையும் எந்தப் பயனர், எந்த ஃபோல்டர், எந்த எண்ணுள்ள மெயில் என்று பதிவாகும். உள்நுழைவுப் பதிவோடு நேரத்தை ஒப்பிட்டால் ஐபி முகவரி கிடைக்கும். சர்வர் கையில் இல்லையென்றால், உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பி, எதையும் திறக்காமல், சாதனங்களை ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து துண்டித்து, எது இருக்கும்போது தடித்த எழுத்து மறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் துண்டித்தபின்னும் மறைகிறது என்றால், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அணுகல் கொடுத்த செயலிகளின் பட்டியலைத் திறந்து, என்றோ இணைத்து மறந்துபோனதை எடுத்துவிடுங்கள். தெரியாத இடத்திலிருந்து உள்நுழைவு தென்பட்டால் கடவுச்சொல்லை அப்போதே மாற்றுங்கள்.